சைக்கிள் செயின்: அழுக்கைப் பார்த்து வைத்தியம்

செயினைச் சுத்தம் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது மண்ணெண்ணெய் பாட்டிலை. செயினுக்கு என்ன கோளாறு என்று பார்ப்பது அதற்கு அப்புறம்தான். துணியால் துடைத்தாலே போய்விடுகிற அழுக்குக்காகச் செயினை ஊறப்போட்டு, உள்ளே இருந்த நல்ல எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், மணல் புகுந்து நறநறக்கும் செயினை மேலாகத் துடைத்துவிட்டு அதன் மேலேயே எண்ணெய் ஊற்றுகிறார்கள். அடுத்த நாளே சத்தம் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு பேருமே அறிகுறியைப் பார்க்கும் முன்பே கருவியை எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செயினில் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று பாருங்கள். அதற்குரிய பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

கியர் உள்ள சைக்கிளின் செயினில் ஏறக்குறைய 110 முதல் 118 கண்ணிகள் இருக்கும். உள்தகடு கொண்ட கண்ணி ஒன்று, வெளித்தகடு கொண்ட கண்ணி ஒன்று என்று மாறி மாறி வரும். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். ஒற்றைக் கியர் வண்டியானாலும் பன்னிரண்டு கியர் வண்டியானாலும் இந்த அளவு மாறாது. மாறுவது அகலம்தான்.

ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் ஆணி குறுக்கே போகிறது. அதைச் சுற்றி உள்தகட்டின் விளிம்பு, அதற்கு வெளியே ஓர் உருளை. பற்சக்கரத்தின் பல்லில் போய் உட்காருவது இந்த உருளை. ஆனால் தேய்மானம் அதிகம் நடப்பது ஆணிக்கும் உள்தகட்டுக்கும் நடுவே, வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில். எண்ணெய் இருக்க வேண்டியதும் அங்கேதான், மணல் போகக் கூடாததும் அங்கேதான். தகடுகளின் வெளிப்பக்கத்துக்குத் துருப்பிடிக்காத அளவு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் போதும். வெளியே பளபளவென்று மின்னும் செயின் உள்ளே வறண்டு கிடக்கலாம். வெளியே மங்கலாகத் தெரியும் செயின் உள்ளே மிக நன்றாக இருக்கலாம். எந்தக் கருவியை எடுத்தாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி தவறுகள் நடக்காது.

முதல் சோதனை: வெள்ளைத் துணி

பழைய பனியன் துணி, வெளிர் நிறத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் சுவரில் சாய்த்து வைத்தாலும் போதும். செயினின் கீழ்ப்பக்க ஓட்டத்தை, இரண்டு பற்சக்கரங்களுக்கும் சரியாக நடுவில், துணியால் சுற்றி லேசாகப் பிடியுங்கள். மறு கையால் பெடலைப் பின்னோக்கிப் பத்துச் சுற்று சுற்றுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போது கீழ்ப்பக்கச் செயின் முன் பற்சக்கரத்தை நோக்கி ஓடும். துணி சிக்கினால் அங்கேதான் இழுத்துக்கொண்டு போகும். அதனால் துணியின் தொங்கும் முனைகளை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளுங்கள், விரல்கள் பல்லிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். ஃப்ரீவீல் இல்லாத வண்டி, அதாவது சக்கரம் சுற்றினால் பெடலும் கூடவே சுற்றும் வண்டி என்றால், செயின் ஓடும்போது துணியைக் கொண்டு கிட்டேயே போகாதீர்கள். அந்த வகை வண்டியில் விரல் உள்ளே போனால் சக்கரம் தானாக நிற்காது, விரலே போய்விடும். செயினை நிறுத்தி ஒரு சாண் நீளம் துடையுங்கள். கையை எடுத்த பிறகு நகர்த்துங்கள், மறுபடி துடையுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

சரி, இப்போது துணியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பான கறுப்பு மட்டும் இருந்தால் அது எண்ணெயும் மிக நுண்ணிய உலோகத் தூளும் கலந்தது. கறுப்புக்குள் மினுக்கும் துகள்கள் தெரிந்தால், அல்லது துணியை இரு விரல்களுக்கு நடுவே தேய்க்கும்போது நெருடினால், மணல் இருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துரு. கிட்டத்தட்ட ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் செயின் வறண்டிருக்கிறது. இந்த ஒரு துணி நூறு கேள்விக்குப் பதில் சொல்லும்.

அறிகுறி: கறுப்புப் பசை அப்பியிருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது லேசான கேஸ். எண்ணெய் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். தகடுகளுக்கு வெளியே தங்கிய எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே இன்னும் சத்தம் வரவில்லை என்றால் ஆணிகளுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைக் கெடுக்காதீர்கள். எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் டிகிரீசர் ஸ்பிரேயோ மண்ணெண்ணெய்க் குளியலோ இங்கே தேவையில்லை.

துணி போதும். மேலே சொன்னபடி பிடித்துச் சுற்றுங்கள். துணியின் இடத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள், ஒரே அழுக்கு இடத்தில் திரும்பத் திரும்பத் துடைத்தால் அழுக்கு இடம்தான் மாறும். பசை காய்ந்து இறுகியிருந்தால் மண்ணெண்ணெயைச் செயினில் விடாமல் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடையுங்கள். வெளியே இருப்பது இளகி வந்துவிடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

பலர் மறந்துவிடும் இடம் டெரெய்லரின், அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின்பக்கக் கருவியின், இரண்டு சின்னச் சக்கரங்கள். அவற்றின் ஓரத்தில் பசை வட்டமாகத் தடித்துப் படிந்திருக்கும். ஒரு மரக்குச்சியையோ ஐஸ்கிரீம் குச்சியையோ சக்கரத்தின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் சுருள் சுருளாக உரிந்து வரும். ஸ்குரூடிரைவரும் செய்யும், ஆனால் அந்தச் சக்கரங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக், கீறல் விழும். பின்பக்கப் பற்சக்கரங்களுக்கு இடையே துணியை ரிப்பன் போலக் கிழித்து நுழைத்து, முதுகு தேய்ப்பதுபோல இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி இழுங்கள். இவற்றை விட்டுவிட்டுச் செயினை மட்டும் துடைத்தால் பத்து நிமிட ஓட்டத்தில் பழைய அழுக்கு முழுதும் செயினுக்கே திரும்பி வந்துவிடும்.

துடைத்த பிறகு எண்ணெய் விட வேண்டுமா? சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் வேண்டாம். விட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால் உருளைக்கு ஒரு சொட்டு வீதம் ஒரே ஒரு சுற்று. அதற்குமேல் போனால் இதே அறிகுறியில் மறுபடி வந்து நிற்பீர்கள்.

அறிகுறி: மிதிக்கும்போது நறநறவென்று அரைபடும் சத்தம்

இதுதான் உண்மையான சுத்தம் கேட்கும் நிலை. மழைச் சேற்றிலோ புழுதியிலோ ஓட்டி, மணல் உள்ளே போயிருக்கிறது. எண்ணெயோடு கலந்த மணல் அரைக்கிற பசையாக மாறி, ஒவ்வொரு கண்ணி மடங்கும்போதும் ஆணியைத் தின்னும். இதன் மேல் எண்ணெய் விட்டால் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும், அரைப்பது நிற்காது. அந்த அமைதியை நம்பாதீர்கள்.

கழற்றிக் கழுவலாமா, வண்டியிலேயே வைத்துக் கழுவலாமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செயினில் கழற்றும் கண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். கியர் வண்டிகளில் அது மற்றக் கண்ணிகளைவிடச் சற்று வேறு வடிவத்தில், ஆணிக்கு நீள்வட்டத் துளையோடு இருக்கும். ஒற்றைக் கியர் வண்டிகளில் மீன் வடிவக் கிளிப் ஒன்று தகட்டின் மேல் தெரியும். இவை இருந்தால் கழற்றிக் கழுவுவதே சிறந்தது. இல்லாவிட்டால் ஆணியைத் தள்ளிக் கழற்ற வேண்டும். சுத்தம் செய்வதற்காக மட்டும் அதை நான் செய்வதில்லை, தள்ளி மறுபடி பொருத்திய ஆணி பலம் குறைந்து போகிறது. அப்படிப்பட்ட செயினை வண்டியிலேயே கழுவுங்கள். 11, 12 கியர் செயின்களின் கழற்றும் கண்ணிகளில் பல ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியவை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கையில் புதியது ஒன்று வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

கழற்றிக் கழுவ எனக்குப் பிடித்த கருவி, வாய் அகன்ற மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. செயினை உள்ளே போட்டு, அது மூழ்கும் அளவு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஊற்றி, மூடியை இறுக்கி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி குலுக்குங்கள். முதல் தண்ணி கரியாக வரும். அதை வேறொரு ஜாடியில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் விட்டு மறுபடி குலுக்குங்கள். மூன்றாவது முறை பழுப்பாக, அடி தெரிகிற அளவு வரும். ஒரேயடியாக அரை லிட்டர் ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை ஊற்றுவது நன்றாக வேலை செய்கிறது. முதல் தண்ணியில் கலந்த மணல் அதே தண்ணியில் மறுபடி ஆணிக்குள்தான் போகும்.

எப்போது போதும்? கண்ணை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். செயினை வெளியே எடுத்து உதறி, ஒரு சாண் நீளத்தை இரு கைகளாலும் காதருகே பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல வளைத்து அசையுங்கள். மணல் மிச்சம் இருந்தால் சர்க்கரையை மிதித்தது போல ஒரு கரகரப்பு கேட்கும். சுத்தமாக இருந்தால் உலோகம் உலோகத்தில் தட்டும் தெளிவான சலசலப்பு மட்டும் வரும். ஒருமுறை இரண்டு சத்தத்தையும் கேட்டுவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. செயினை நாலைந்து இடத்தில் இப்படிக் கேளுங்கள், ஓர் இடம் சுத்தமாகி இன்னோர் இடம் விட்டுப்போவது உண்டு.

அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெந்நீரில் ஒருமுறை குலுக்கி, நல்ல நீரில் அலசுங்கள். மண்ணெண்ணெயின் மிச்சம் போவதற்காகத்தான் இது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு எண்ணெய் விட்டால், உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் புது எண்ணெயை நீர்க்க வைத்து வெளியே கொண்டுவந்துவிடும். உடனே துணியில் சுருட்டித் துடைத்து, வெயிலிலோ மின்விசிறிக்கு முன்னாலோ தொங்கவிடுங்கள். முழுதும் உலர்ந்த பிறகே எண்ணெய்.

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய ஜாடியில் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் கறுப்பெல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்தெடுத்து அடுத்த முறை முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம்.

வண்டியிலேயே கழுவுவதானால் கடையில் கிடைக்கும் செயின் கழுவும் பெட்டி உதவும். இரண்டு மூடிகளுக்கு நடுவே செயினைப் பிடித்து, உள்ளே சுழலும் பிரஷ்களால் தேய்க்கும் சாதனம் அது. சிலவற்றில் அடியில் காந்தமும் இருக்கும், இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியைவிட நன்றாக உள்ளே போகும், டப்பாவில் குலுக்குவதற்கு ஈடாகாது. உள்ளே இருக்கும் திரவம் இருபது சுற்றிலேயே கறுத்துவிடும், அதையே வைத்து ஐம்பது சுற்று சுற்றுவதில் பயனில்லை. கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பெட்டி இல்லாதவர்களுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு போதும். ஒன்றை அடியில், ஒன்றை மேலே வைத்து இரு கையாலும் செயினை நடுவில் கவ்விப் பிடித்துக்கொண்டு, வேறொருவரைப் பெடல் சுற்றச் சொல்லுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

அல்ட்ராசோனிக் தொட்டியைப் பற்றிப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். ஒலி அதிர்வால் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி இடுக்கில் இருக்கும் அழுக்கை உதிர்க்கும் கருவி அது. நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் திரவத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடி கழுவும் சிறிய வகைக்குச் செயினைச் சுத்தம் செய்யும் சக்தி போதாது. ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு டப்பாவே அதே வேலையைச் செய்துவிடும். வாங்கினால் நீர் கலந்த கழுவு திரவம் மட்டும் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் அந்தத் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும்.

எதைத் தொடவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வேண்டாம். அறை வெப்பத்திலேயே ஆவி கிளம்பித் தூரத்துத் தீப்பொறியைப் பிடித்துக்கொள்ளும் திரவம் அது. மண்ணெண்ணெயின் ஆவி அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனாலும் அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில்தான் வேலை நடக்க வேண்டும். அமிலம் கலந்த துரு நீக்கியும் கழிப்பறை கழுவும் திரவமும் செயினுக்கு விஷம். அமிலத்தால் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து உலோகம் முறியும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் மேட்டில் எழுந்து மிதிக்கும்போது தகடு விரியும். காஸ்டிக் சோடா, வாஷிங் சோடா போன்ற காரங்கள் அலுமினியப் பற்சக்கரத்தை அரிக்கும். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாய் நீர், வெளியே இருந்த மணலை உள்ளே தள்ளிவிட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும், பெடல் தண்டுகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டிலும் இருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

கைக்கு ரப்பர் கையுறை போடுங்கள். மண்ணெண்ணெய் தோலை வறளவைத்து வெடிக்க வைக்கும்.

அறிகுறி: கீச் கீச் என்று குருவி போலச் சத்தம்

வறட்சி. ஆனால் செயின்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே மிதிப்பதை நிறுத்துங்கள். வண்டி தானாக ஓடும்போதும் சத்தம் தொடர்ந்தால் அது சக்கரத்தில் அல்லது பிரேக்கில் இருக்கிறது, செயினில் இல்லை. நின்றுவிட்டால் செயின், டெரெய்லரின் சின்னச் சக்கரம், பெடல் மூன்றில் ஒன்று. வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றிக் காதை அருகில் கொண்டுபோனால் தெரிந்துவிடும்.

இங்கே கழுவத் தேவையில்லை, துணிச் சோதனையில் மணல் இல்லை என்றால். துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். விடும் முறைதான் முக்கியம். கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில், பல்லைத் தொடும் பக்கத்தில், ஒவ்வோர் உருளையின் மேலும் ஒரு சொட்டு. கழற்றும் கண்ணியை அடையாளமாக வைத்து அங்கிருந்து தொடங்கினால் ஒரு சுற்று எங்கே முடிகிறது என்று தெரியும். முடிந்ததும் பெடலை முப்பது சுற்று பின்னோக்கிச் சுற்றி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். ஆம், இப்போது விட்ட எண்ணெயைத்தான் துடைக்கிறோம். உள்ளே போனது உள்ளேயே இருக்கும், வெளியே இருப்பதால் தூசியைப் பிடிப்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

எந்த எண்ணெய்? செயினுக்கென்றே விற்பதில், ஈரத்துக்கு என்று வருவது கொஞ்சம் கெட்டியாக, மழையில் கழுவிப் போகாமல் நிற்கும், தூசியைப் பிடிக்கும். வறண்ட நிலத்துக்கு என்று வருவது விட்டபின் அதன் கரைப்பான் ஆவியாகி உலர்ந்த படலமாக நிற்கும், தூசி குறைவு, ஒரு மழையில் போய்விடும். அதை விட்ட உடனே ஓட்டக் கூடாது, சில மணி நேரம் உலரவேண்டும், இரவில் விட்டுவிட்டுக் காலையில் ஓட்டுவது நல்லது. இரண்டும் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குத் தாராளமாகப் போதும். மெல்லியது என்பதால் நன்றாக உள்ளே போகும், அதே காரணத்தால் சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாகிவிடும், அதைக் கழற்றுவது தனி வேலை. கிரீஸ் கெட்டியானது, ஆணி வரை போகாது, மேலேயே அப்பிக்கொள்ளும். வண்டியிலிருந்து வடித்த பழைய இஞ்சின் ஆயிலில் ஏற்கெனவே உலோகத் தூள் இருக்கிறது, உடம்புக்கும் கெடுதல். டபிள்யூடி-40இன் பழைய நீல மஞ்சள் டப்பா நீரை வெளியேற்றுவதற்காக உருவானது, பெயரிலேயே அந்த வேலைதான் இருக்கிறது. மழையில் நனைந்த செயினை உடனடியாகக் காப்பாற்ற அதை அடிக்கலாம். அதோடு நிறுத்தினால் மறுநாளே குருவி திரும்ப வரும், அதன் மேல் சரியான எண்ணெய் விட்டாக வேண்டும்.

அறிகுறி: நேற்றுக் கழுவிய செயின் இன்று ஆரஞ்சு நிறத்தில்

இது எனக்கே நடந்தது. மாலையில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, காலையில் எண்ணெய் விடலாம் என்று தொங்கவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் தகடெல்லாம் மெல்லிய ஆரஞ்சுப் பூச்சு. எண்ணெய்ப் படலம் முழுதும் போன இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இந்த மேல்துரு பயப்பட வேண்டியதில்லை. எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்தால் வந்துவிடும், அப்புறம் முறைப்படி எண்ணெய் விடுங்கள். மடங்காத கண்ணிகள், குழி விழுந்த தகடுகள் இருந்தால் அது வேறு, அது பல மாதத் துரு. உப்பு நீர் பட்ட வண்டியில் இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட செயினை இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பாதிக் கண்ணிகள் விறைப்பாகவே இருந்தால் மாற்றுவதுதான் வழி. உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் வெளியே மட்டும்தான் தேய்க்கிறார்கள், துரு ஆணியில் இருக்கிறது.

அறிகுறி: சில சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’

எண்ணிப் பாருங்கள். பெடல் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் ஒருமுறை, அதே இடத்தில் ‘டக்’ வந்தால் பெடல், அதைத் தாங்கும் தண்டான கிராங்க், பாட்டம் பிராக்கெட் பக்கம் தேடுங்கள். இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை போல வந்தால் அது செயினின் ஒரு கண்ணி. கணக்கு எளிது: 114 கண்ணி உள்ள செயின், 44 பல் உள்ள முன்சக்கரம் என்றால் செயின் ஒருமுறை முழுதும் வலம்வரக் கிராங்க் ஏறக்குறைய 2.6 சுற்று சுற்ற வேண்டும்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி மிக மெதுவாகப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, டெரெய்லரின் சின்னச் சக்கரத்தையே பாருங்கள். விறைத்த கண்ணி அந்தச் சிறு வளைவில் மடங்க முடியாமல் லேசாகத் துள்ளும், டெரெய்லரும் கூடவே ஒரு முறை நடுங்கும். அந்தக் கண்ணியில் சாக்பீஸால் குறி போடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருபுறமும் கட்டைவிரல் வைத்துப் பக்கவாட்டில் வளைத்து வளைத்துத் தளர்த்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். தகடு வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் சரி செய்யப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகு அழுத்தி மிதித்தால் செயின் துள்ளுகிறது

கழற்றிப் பூட்டியிருந்தால் முதலில் பூட்டிய இடத்தைப் பாருங்கள். கழற்றும் கண்ணி முழுதாக உட்காரவில்லை என்றால் அது பல்லின் மேல் ஏறும்போது துள்ளும், அறுந்தும் போகலாம். அந்தக் கண்ணியை மேல்பக்கச் செயினின் நடுவுக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்னோக்கி ஒரு அழுத்து அழுத்துங்கள். ‘கிளிக்’ என்று உட்காரும். மீன் வடிவக் கிளிப் என்றால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பிளந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். டெரெய்லரின் சின்னச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டுக்குள் இருக்கும் சிறு நாக்கின் தவறான பக்கத்தில் செயினை நுழைப்பதும் அடிக்கடி நடக்கிறது, அப்போது துள்ளலோடு உரசும் சத்தமும் வரும். பற்களின் அடியில் காய்ந்த சேறு இறுகிக் கிடந்தாலும் உருளை முழுதாக உட்காராது, குச்சியால் நோண்டி எடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் துள்ளினால் தேய்மானத்தை அளங்கள். செயின் கேஜ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எஃகு ஸ்கேல் போதும். பெடலை அழுத்தி மேல்பக்கச் செயினை விறைப்பாக்குங்கள். ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, அதற்கு அடுத்த ஆணியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இருபதாவது ஆணியின் நடுவரை அளங்கள். புதுச் செயினில் 254 மில்லிமீட்டர். 255.3 வந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது, 11 அல்லது 12 கியர் வண்டியில் மாற்றும் நேரம். அதற்குக் குறைந்த கியர்களில் முக்கால் சதவீதம், ஏறத்தாழ 256 வரை பொறுக்கலாம். ஒற்றைக் கியர் வண்டியில் ஒரு சதவீதம், அதாவது 256.5. தகடு இழுபட்டு நீளுவதில்லை, ஆணிகள் தேய்ந்து தேய்ந்து இடைவெளி கூடுகிறது. நீண்ட செயினை எவ்வளவு கழுவினாலும் குறையாது. ரொம்ப நாள் விட்டால் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும், அப்போது புதுச் செயின் போட்டாலும் பழைய பல்லில் துள்ளும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

அறிகுறி: எவ்வளவு கழுவினாலும் இரண்டே நாளில் கறுப்பு

கொஞ்சம் கறுப்பது இயல்பு, எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது. இரண்டு நாளில் பசையாகவே மாறினால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பற்சக்கரங்களைக் கழுவாமல் விட்டீர்களா, மண்ணெண்ணெயை அலசாமல் எண்ணெய் விட்டீர்களா, விட்ட பின் வெளியே துடைத்தீர்களா. மூன்றையும் சரியாகச் செய்தும் புழுதி நிறைந்த பாதையால் தீரவில்லை என்றால் மெழுகு முறை இருக்கிறது. செயினை எண்ணெய் துளியும் இல்லாமல் கழுவி உலர்த்தி, உருக்கிய பாரஃபின் மெழுகில் பத்து நிமிடம் போட்டு எடுத்துத் தொங்கவிடுவது. புதுச் செயினில் வரும் தொழிற்சாலைப் பசை உட்பட எல்லாம் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு ஒட்டாது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நூறு டிகிரியைத் தாண்டாது. ஆறிய செயின் குச்சி போல விறைத்திருக்கும், ஒவ்வொரு கண்ணியாக மடக்கித் தளர்த்திப் பூட்டுங்கள். கையில் கறுப்பு ஒட்டாத செயின் அது. அடிக்கடி மழையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன், நனைந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

முழுச் செயின் கவர் உள்ள வண்டிகளில் அழுக்கே குறைவு. கவரில் இருக்கும் சிறு துளை வழியாகவோ, பின்மூடியைக் கழற்றியோ எண்ணெய் விட்டு வந்தால் பல மாதம் கவலையில்லை. கவரின் அடியில் தேங்கிய பழைய பசையை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வழித்தெடுங்கள்.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகு பிரேக் பிடிக்கவில்லை அல்லது கத்துகிறது

ஸ்பிரேயின் துளிகள் டிஸ்க்கிலோ ரிம்மிலோ பட்டிருக்கின்றன. ஓட்டிப் பார்த்துச் சரியாகும் என்று விடாதீர்கள். சுத்தமான புதுத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து டிஸ்க்கை இருபுறமும் துடையுங்கள். செயினைத் துடைத்த துணி வேண்டாம். பிரேக் பேடு எண்ணெயை உறிஞ்சியிருந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ரிம் பிரேக் என்றால் சோப்பு நீரில் ரிம்மைக் கழுவி உலர்த்தி, ரப்பர் கட்டையின் முகத்தை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்தால் போதும். அடுத்த முறை எண்ணெய் விடும்போது சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். வண்டியை வெளியே எடுக்கும் முன், நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.